மடிசார் கட்டிய டவுட்ஃபயர்

1993-இல் வெளியான ஹாலிவுட் நகைச்சுவைப் படம் ‘மிஸஸ் டவுட்ஃபயர்’. விவாகரத்தான தந்தை, பிள்ளைகளோடு இருப்பதற்காகக் கிழவி வேடமிட்டு வேலைக்கு வருகிறார். நாயகன் ராபின் வில்லியம்ஸ்.

இதே கரு 1996 தீபாவளிக்கு ‘அவ்வை சண்முகி’யாக வந்தது. இயக்கம் கே.எஸ்.ரவிகுமார், வசனம் கிரேசி மோகன். சான் பிரான்சிஸ்கோவில் குரல் நடிகராக இருந்தவர், சென்னையில் நடன உதவியாளர் பாண்டியன் ஆனார். கிழவியோ மடிசார் மாமி! மாமியின் பெயர், அவ்வையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே.சண்முகத்துக்கு அவரது நாடகக் குழுவில் பயின்ற நாயகன் கமல்ஹாசன் செலுத்திய மரியாதை.

ஆனால் பெரிய மாற்றம் வேறு. மாமியையே மணக்கத் துடிக்கிறார் மாமனார் ஜெமினி கணேசன். வீட்டுக்காரர் மணிவண்ணனும் போட்டிக்கு வருகிறார். போதாக்குறைக்கு, ஊமை பிராமணச் சமையல்காரராக நடிக்கும் பாஷா என்ற பாத்திரம் வேறு! சம்பந்தி, சமையல், சாதி என்று நம் வீட்டுச் சங்கதிகளிலிருந்தே சிரிப்பு பிறக்கிறது. மூலத்தைவிடக் கலகலப்பானது தமிழ்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

முடிவும் மாறியது. ஆங்கிலத்தில் தம்பதி பிரிந்தே இருக்கிறார்கள், தமிழில் சேர்ந்துவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டே மாமி, ‘சாச்சி 420’ என்று இந்திக்கும் போனார். அதை இயக்கியவர் கமல்ஹாசனே.