சித்திரவதையைப் பாடமாக்குவது

சித்திரவதை என்பது அதிகாரத்தில் இருப்பவர், தம் பிடியில் உள்ள ஒருவருக்கு ஒரு நோக்கத்தோடு கடும் வலியையோ மன வேதனையையோ உண்டாக்குவது. வாக்குமூலம் வாங்குவது, தண்டிப்பது, மற்றவர்களை மிரட்டுவது என நோக்கம் எதுவாகவும் இருக்கலாம். அரசு அலுவலர் நேரடியாகச் செய்தாலும், பிறர் செய்வதற்கு அவர் இசைந்தாலும் அது சித்திரவதையே. 1984 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கையின் விளக்கம் இதுதான். தெருச்சண்டையில் விழும் அடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மாணவருக்கு முதலில் விளங்க வேண்டும். தெருவில் அடிபடுபவர் திருப்பி அடிக்கலாம், ஓடலாம். காவலில் இருப்பவருக்கு அந்த வழிகள் இல்லை. அவரைக் காக்க வேண்டிய கையே அவரை அடிக்கிறது.

இந்த வரலாற்றைக் கற்பிக்க ஐரோப்பியக் கோட்டைகளின் நிலவறைகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய வண்டன்மேடு ஏலத்தோட்டப் பகுதியில் தமிழும் மலையாளமும் பேசும் பிள்ளைகள் அக்கம்பக்கமாக வளர்கிறார்கள். இரு மாநில வரலாற்றிலும் அவர்களுக்குத் தேவையான சான்றுகள் நிறைய உண்டு.

வரிக்காக வதைத்த காலம்

சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க உழவர்கள் வதைக்கப்படுவது 1854-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதப் பொருளானது. அதன்பின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவில் எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோர் இருந்தனர். 1855-இல் வெளியான அவர்களது அறிக்கை, வதை நடப்பது உண்மை என்று உறுதிப்படுத்தியது. விரல்களை இரு கோல்களுக்கு இடையே வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைக்கும் அண்ணாந்தாள் போன்றவை அதில் பதிவாகியுள்ளன. வெயிலில் நிற்க வைப்பதும் பட்டினி போடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. கார்ல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதினார்.

வரி வசூலும் காவல் பணியும் ஒரே ஆட்களின் கையில் இருந்தன என்பதே அறிக்கை தரும் முதன்மையான பாடம். வதைத்தவரிடமே போய் முறையிட வேண்டிய நிலை. மேலே இருந்த வெள்ளை அதிகாரிகள் வசூல் கணக்கைக் கேட்டார்களே தவிர, பணம் வந்த வழியைக் கேட்கவில்லை. ஒரு சில கொடியவர்களின் குணத்தால் மட்டும் வதை நிலைப்பதில்லை. அதைக் கண்டுகொள்ளாத நிர்வாகமே அதற்கு நீர் வார்க்கிறது.

1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டம் வந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், வாக்குமூலத்துக்காகத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கியது. வரிப் பாக்கிக்காக வதைக்கும் வருவாய் அலுவலரை அந்தச் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொன்னது. காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது. அந்த விதி இன்றும் புதிய சட்டத்தில் தொடர்கிறது.

கக்கயமும் நெடுங்கண்டமும்

சட்டம் வந்தபின்னும் வதை ஓயவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் விடுதியிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டார். கக்கயம் காவல் முகாமில், தொடைமீது உலக்கையை உருட்டும் வதைக்கு அவர் ஆளாக்கப்பட்டார். அவர் உடல் கிடைக்கவேயில்லை. அவருடைய தந்தை, இந்திப் பேராசிரியர் ஈச்சர வாரியர், 1977-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அந்த வழக்கின் விளைவாக, பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்த முதல்வர் கே. கருணாகரன் விலகினார்.

வண்டன்மேட்டுக்கு அண்மையிலேயே ஒரு நிகழ்வு உண்டு. 2019 ஜூன் 12 அன்று நிதி மோசடிப் புகாரில் ஒருவரை நெடுங்கண்டம் போலீசார் பிடித்தனர். அவரது கைது 15-ஆம் தேதிதான் பதிவானது. 21-ஆம் தேதி, பீருமேடு கிளைச்சிறையில் இருந்த நிலையில் அவர் இறந்தார். முதல் உடற்கூறாய்வு நிமோனியா என்றது. நீதிபதி நாராயண குருப் ஆணையம் உடலைத் தோண்டியெடுத்து மறு ஆய்வு செய்யவைத்து, காவல் வதையே சாவுக்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தது.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. இந்த ஒரு விதியை மீறிய நாட்களில் என்ன நடக்கலாம் என்பதை, நெடுங்கண்டத்தின் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கும் மாணவரே கண்டுகொள்வார்.

அறக் கேள்விகள்

வகுப்பில் நிச்சயம் எழும் கேள்வி: "குற்றவாளியை அடித்தால் என்ன தவறு?" அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-இலேயே இதற்கு விடை சொன்னார். உடல் வலுவுள்ள குற்றவாளி வலியைத் தாங்கித் தப்பிவிடுவான். வலுவற்ற நிரபராதி செய்யாததை ஒப்புக்கொள்வான். வலி அளப்பது உண்மையை அல்ல, தாங்கும் திறனை.

அடுத்த கேள்வி கடினமானது. ஊரையே அழிக்கும் குண்டு இருக்குமிடம் ஒருவனுக்கு மட்டும் தெரியுமானால்? அந்தக் கதையில் பிடிபட்டவன்தான் குற்றவாளி என்பதும், அடித்தால் உண்மையைச் சொல்வான் என்பதும் முன்பே முடிவாகிவிட்டன. நடப்பில் இவை இரண்டுமே யாருக்கும் தெரியாதவை. அமெரிக்க உளவுத்துறையின் கடும் விசாரணை முறைகள் பயனுள்ள தகவல் பெற உதவவில்லை என்று அந்நாட்டு செனட் குழு 2014-இல் முடிவு சொன்னது. போர், அவசரநிலை என எந்தக் காரணமும் வதையை நியாயப்படுத்தாது என்கிறது ஐ.நா. உடன்படிக்கை. வதை ஒருவேளை பலன் தந்தாலும் அது தவறுதான். கைகட்டப்பட்டு நிற்கும் ஒருவரை வெறும் கருவியாக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை.

எப்படிக் கற்பிப்பது

இந்தப் பாடம் ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கே ஏற்றது. காயங்களின் படங்களைக் காட்டி அதிர்ச்சியூட்டக் கூடாது. அதிர்ச்சி சிந்தனையை முடக்கும். ஒருவரைக் காவலராகவும் மற்றவரைக் கைதியாகவும் நடிக்க வைப்பதும் வேண்டாம். வீட்டிலோ காவல் நிலையத்திலோ அடிபட்ட அனுபவம் உள்ள பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும். விரும்பாதவர் பேசாமல் இருக்கவும் வெளியே செல்லவும் முன்கூட்டியே இசைவு தர வேண்டும்.

அறிக்கை, தீர்ப்பு, சட்டப்பிரிவு ஆகியவற்றை வாசித்து, யார் செய்தார், யார் அறிந்தும் பேசாதிருந்தார், யார் தடுத்திருக்கலாம் என்று விவாதிப்பது நல்ல முறை. பள்ளியின் வரலாறும் இதில் இடம்பெற வேண்டும். பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் ஒழுங்கின் பெயரால் ஏற்கப்பட்டிருந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிரம்போடு நிற்கும் ஆசிரியரால் இந்தப் பாடத்தை நடத்த முடியாது.

கேரளப் பள்ளிகளில் 2010 முதல் இயங்கும் ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் திட்டம் இதற்குத் தக்க இடம். சீருடை அணியும் பிள்ளைகள், சீருடைக்கு உள்ள எல்லையையும் அறிய வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளை அவர்கள் மனத்தில் பதிய வைக்கலாம். கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். சாட்சியின் கையொப்பத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இந்தியா 1997-இல் ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, உறுதி ஏற்பு இன்னும் செய்யவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. இலங்கை 1994-இலேயே தனிச் சட்டம் இயற்றியும், அங்கே காவல் வதைப் புகார்கள் நிற்கவில்லை. சட்டமும் வேண்டும், அதைக் கேட்டுப் பெறத் தெரிந்த குடிமக்களும் வேண்டும். அந்தக் குடிமக்களை உருவாக்குவது பள்ளியின் கடமை.