நாயை நீரில் இறக்குமுன்

தை பிறக்கும் வேளையில் தென்மாவட்டங்களில் ஊர்க்குளங்கள் நிரம்பி நிற்கும். பொங்கல் விடுமுறையில் பிள்ளைகள் குளத்திலே குதித்து விளையாடுவர். அவர்களுக்குப் பின்னால் வீட்டு நாயும் குதிக்கும். நீந்தி வந்த நாய் கரையேறி உடலை உதறி, நிற்பவர் அனைவரையும் நனைத்துவிட்டு, மறுபடியும் நீரை நோக்கி ஓடும் அழகைக் கண்டு சிரிக்காதவர் யார்? இந்த மகிழ்ச்சியைக் குறைக்கும் நோக்கம் எனக்கில்லை. ஆயினும் 2011ஆம் ஆண்டு சனவரியில், நான் அப்போது பணியாற்றிய பங்கில் நிகழ்ந்த ஒன்றை நினைக்குந்தோறும், பெற்றோரிடம் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது.

அவ்வூர்க் குளத்தின் மூன்று புறமும் செங்குத்தான கல்கட்டு. கிழக்கே மட்டும் படித்துறை. 12 வயதுச் சிறுவன் ஒருவன் மேற்குக் கரையில் நின்று தென்னை மட்டைத் துண்டை நீரில் எறிந்தான். அவனுடைய நாய் மணி, கல்கட்டின் மேலிருந்து குதித்து, மட்டையைக் கவ்விக்கொண்டு எறிந்தவனை நோக்கியே திரும்பி வந்தது. வந்ததே தவிர, ஏற முடியவில்லை. பாசி படிந்த கல்லில் முன்னங்கால்கள் வழுக்கின. சிறுவன் பதறி, மேலும் உரக்க அழைத்தான். அவன் அழைக்க அழைக்க, அது அந்தச் சுவரையே பிறாண்டிக் களைத்தது. ஈற்றில் அவனும் குதித்துவிட்டான். அச்சமுற்ற நாய் அவன் தோள்மீது ஏறப் பார்க்கவே, அவன் மூழ்கத் தொடங்கினான். குளித்துக்கொண்டிருந்த இளைஞர் இருவர் கரையோடு ஓடிவந்து, இரண்டு வேட்டிகளை முடிந்து வீசி, அவனை மேலே தூக்கினர்.

நாயைக் காத்தவர் யார்? படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி. அவர் நீரில் இறங்கவே இல்லை. படியில் நின்று, கல்லைத் தட்டி, அதன் பெயரைச் சொல்லி அழைத்தார். நாய் திரும்பிப் பார்த்தது, நீந்தி வந்தது, படியேறிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது சிறுவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தனர். அந்த அம்மாள் என்னிடம், "அவன் அங்கன நின்னு கூப்பிட்டான் சாமி, அது அங்கனயே கெடந்து மல்லுக்கட்டுச்சு. நான் இங்கன நின்னு கூப்பிட்டேன், இங்கன வந்துட்டு" என்றார்.

இப்பொருள் பற்றி நான் பின்னர் படித்தவற்றிலும் இதைவிடத் தெளிவான அறிவுரையைக் கண்டதில்லை. பிரிட்டனில் 1824ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் நாய் வளர்ப்போருக்குக் கூறுவதும் இதுவே: நாயைத் தேடி நீரில் குதிக்காதீர்கள், அது எளிதாகக் கரையேறக்கூடிய இடத்திற்கு நீங்கள் நடந்து சென்று, அங்கிருந்து அழையுங்கள். நாய் தானே கரை சேர்ந்துவிட, அதனைக் காக்கக் குதித்தவர் இறந்துபோகும் துயரம் பல நாடுகளில் நேர்கிறது. நீந்தும் அசைவு நாய்க்குப் பிறவியிலேயே உண்டு. கரையேறும் வழி அவ்வாறு பிறவியில் வருவதன்று. அதனை நாம்தான் காட்ட வேண்டும்.

ஆகவே புதிய நீர்நிலைக்கு நாயை அழைத்துச் செல்வோர், அது இறங்குவதற்கு முன்பே, ஏறும் இடத்தில் அதனை நான்கைந்து முறை நடக்கவிட வேண்டும். பழகாத நாய்க்கு நீண்ட கயிறு கட்டலாம். கழுத்தில் அன்று, மார்புப் பட்டையில் கட்ட வேண்டும். தொங்கும் சங்கிலியோடு நாயை நீரில் விடுவது கூடவே கூடாது. அது வேரிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டால் நாய்க்கு விடுதலை இல்லை. மதகின் அருகில் நீர் உள்நோக்கி இழுக்கும். மணல் அள்ளிய ஆறுகளில் முழங்கால் நீர் இருக்கும் இடத்துக்கு அடுத்த அடியிலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். இவ்விரண்டு இடங்களிலும் நாயும் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம்.

கைப்பிடிச் சுவரில்லாத தோட்டக் கிணற்றில் நாய் விழுந்துவிட்டால், உடனே இறங்க முனைவது பேராபத்து. பயன்படுத்தாத கிணறுகளில் நச்சு வாயு தேங்கியிருந்து, இறங்கியவரும் அவரைத் தேடி இறங்கியவரும் அடுத்தடுத்து மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். பற்றி மிதப்பதற்கு ஒரு பலகையையோ வாழைமரத் துண்டையோ கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, 101க்குப் பேசித் தீயணைப்பு மீட்புப் பணியாளரை அழைப்பதே முறை. நான்கு மூலைகளிலும் கயிறு கட்டிய கட்டிலை இறக்கி ஆட்டையும் நாயையும் தூக்கும் வழக்கம் நம் உழவர்களிடம் உண்டு. அது நல்ல வழக்கம்.

எல்லா நாயும் ஒன்றுபோல் நீந்துவதில்லை. நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மீனவரோடு வலை இழுத்துப் பழகிய நாய்களின் வழிவந்தது லாப்ரடார்; அதற்கு நீர் இரண்டாம் வீடு. மூக்குத் தட்டையான பக், புல்டாக் போன்றவை மூச்சுவிட முகத்தை உயர்த்தினால் பின்னுடல் தாழ்ந்துவிடும். கால் குட்டையான டாஷ்ஹண்டு விரைவில் களைக்கும். இத்தகையவற்றுக்கு, முதுகில் கைப்பிடி வைத்துத் தைத்த மிதவைச் சட்டை கடைகளில் கிடைக்கிறது. நம் சிப்பிப்பாறை ஒல்லியான உடலுடையது. கொழுப்புக் குறைவாதலால் குளிரில் சீக்கிரம் நடுங்கும். வெள்ளை இராசபாளையம் வளர்ப்போர் மற்றொன்றையும் நினைவிற்கொள்க. அவ்வினத்தில் பிறவிச் செவிடு உண்டு. கரையில் நின்று எத்துணை உரக்க அழைத்தாலும் அதற்குக் கேளாது. கையசைப்புக்கு வரும்படி முன்னரே பழக்கியிருக்க வேண்டும்.

நீரை விரும்பாத நாயைத் தூக்கி எறிந்து 'பழக்குவது' கொடுமை. தோபித்து நூலில் தோபியாவோடு வழிநடந்த நாயை நம் வாசகர் அறிவர். திக்ரீசு ஆற்றில் கால் கழுவ இறங்கியவன் தோபியா. மீன் பாய்ந்ததும் அவன்மீதே. நாய் நீரில் இறங்கியதாக நூல் கூறவில்லை. அது கரையிலேயே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்! நீருக்கு அஞ்சும் நாயை வெறிநாய் என்று அடித்துக் கொல்லும் அறியாமையும் சில இடங்களில் உண்டு. நீரைக் கண்டு நடுங்குவது வெறிநோய் கண்ட மனிதரிடம் தோன்றும் குறி, நாய்க்கு உரியதன்று. இதன் மறுபுறம் இன்னும் முக்கியமானது: தண்ணீர் குடிக்கிறது, குளத்தில் இறங்குகிறது என்பதால் கடித்த நாய்க்கு வெறியில்லை என்று முடிவுகட்டலாகாது. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட வேண்டும்.

கடற்கரைப் பங்கு மக்களுக்குக் கடலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விருந்தினராக வருவோர்க்குச் சொல்வேன். மீனவர் நீவாடு என்று வழங்கும் நீரோட்டம் நாயை இழுத்துச் சென்றால், அது கரையில் நிற்கும் உங்களை நோக்கியே, ஓட்டத்தை எதிர்த்து, நேராக நீந்தப் பார்க்கும். நீங்கள் கரையோடு ஒதுங்கி நடந்து, இழுப்பில்லாத இடத்திலிருந்து அழைத்தால் அதுவும் பக்கவாட்டில் திரும்பும். வலையிலிருந்து கழித்துப்போட்ட பேத்தை மீன் கரையில் கிடக்கும். அதன் நஞ்சு நாயைக் கொல்லும். சொறி எனப்படும் இழுதுமீன் செத்துக் கிடந்தாலும் கொட்டும். நண்பகல் மணலில் உங்கள் வெறுங்காலை வைத்துப் பாருங்கள்; உங்களால் நிற்க முடியாவிடில் நாயாலும் முடியாது.

பந்தை மீண்டும் மீண்டும் நீரில் எறிந்து கவ்வச் செய்யும்போது, திறந்த வாயின் வழியே நாய் ஏராளமான நீரை விழுங்குகிறது. கடல்நீர் என்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும், அளவு மிஞ்சினால் வலிப்பும் வரும். நன்னீர் என்றால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து, வயிறு உப்பி, நடை தள்ளாடும். அவ்வப்போது கரையில் அமர்த்தி ஓய்வு கொடுங்கள். கடலுக்குச் செல்லும்போது குடிநீரும் ஒரு கிண்ணமும் கொண்டுபோவது வீண் சுமையன்று.

தேங்கிய நீரில் வண்ணத்தைக் கரைத்தாற்போல் பச்சைப் படலம் மிதந்தால் விலகிவிடுங்கள். அவ்வகைப் பாசிகளுள் சில, நக்கிய நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். மழைக்குப் பின் சாக்கடை கலந்த நீரில் எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து வீட்டாருக்கும் வரும். நாய்க்கு ஆண்டுதோறும் இதற்குத் தடுப்பூசி போடலாம்.

விளையாட்டு முடிந்ததும் நல்ல நீரில் கழுவி, காதின் உட்புறத்தை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். தொங்கு காதுடைய நாய்க்கு ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். நீரில் தத்தளித்த நாய் நன்றாகவே நடமாடினாலும், நுரையீரலில் புகுந்த நீர் ஒரு நாள் கழித்தும் மூச்சைத் திணறச் செய்யக்கூடும். அன்று மணியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக எங்களுள் எவருக்கும் தோன்றவில்லை. அது பிழைத்தது, ஆயினும் நாங்கள் செய்தது தவறே.

ஒரு வாரம் கழிந்து அச்சிறுவனைப் படித்துறையில் கண்டேன். கயிறு கட்டிய மணியைக் கடைசிப் படிவரை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தான், நீருக்குள் விடவில்லை. என்னடா செய்கிறாய் என்றேன். "படி இருக்கிற இடத்தைக் காட்டிக் குடுக்கேன் சாமி. பாட்டி சொன்னாவ" என்றான்.