குறிப்புக்குள் ஒளிந்த சொல்

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்னபடி. விடை நான்கு எழுத்துகள்.

கட்டிலருகே மேசைமீது இருக்கும் பொருள்தான் விடை என்பதால் வாசகர்களில் பலர் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்: மாத்திரை. எழுத்தை ஒலிக்கும் கால அளவுக்கும் நாம் விழுங்கும் மருந்துக்கும் தமிழில் ஒரே பெயர். இலக்கண வகுப்பில் கேட்டு மறந்த அச்சொல், மருந்துச் சீட்டோடு திரும்பி வருகிறது.

இத்தகைய புதிருக்குச் சாதாரணக் குறுக்கெழுத்திலிருந்து ஒரு வேறுபாடு உண்டு. சாதாரணக் குறுக்கெழுத்து பொருளை மட்டும் கேட்கும். தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். இதிலோ குறிப்பின் ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். எஞ்சிய பகுதி அச்சொல்லை எவ்வாறு கட்டுவது என்று சொல்லும். இரண்டும் சேர்ந்து ஓர் இயல்பான வாக்கியம்போல் தோற்றமளித்து நம்மை வேறு திசைக்கு இழுக்கும். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் அமைத்த கட்டமே குறுக்கெழுத்தின் தொடக்கம். குறிப்புக்குள் விடையை ஒளிக்கும் கலை பின்னர் இங்கிலாந்தில் வளர்ந்தது. தமிழில் அதைச் செய்து காட்டியவர்களுள் வாஞ்சிநாதன் முதன்மையானவர். கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த ‘தென்றல்’ மாத இதழில் அவர் அமைத்த புதிர்களுக்குப் பல நாடுகளிலும் வாசகர்கள் இருந்தனர்.

நம் பக்கத்துச் சொற்களைக் கொண்டு நாங்கள் அமைத்த சிலவற்றைப் பிரித்துக் காட்டுகிறோம்.

‘மீனுக்கு அழகு சேர்த்த மாம்பழ ஊர் (3)’. மீன் என்றதும் மேட்டூர் அணை நினைவுக்கு வரும். அந்த நினைவை ஒதுக்கிவிடுக. ‘மாம்பழ ஊர்’ என்பதே நேர்ப்பொருள். புலவர்கள் பெண்களின் கண்ணுக்கு உவமை சொல்லும் மீன், சேல். அழகுக்கு ‘அம்’ என்றும் ஒரு சொல் உண்டு. சேல், அம் இரண்டும் சேர்ந்தால் சேலம். (ஊர்ப்பெயரின் வரலாறு இதுவென்று எவரிடமும் சொல்லிவிட வேண்டா, புதிருக்காகப் பிரித்தது மட்டுமே.)

‘மூட்டையைக் குறுக்கினால் கோழியிடம் கிடைக்கும் (3)’. நாமக்கல்லிலிருந்து வருவோர்க்கு விளக்கமே தேவையிராது. நெடிலாகிய ‘மூ’ குறுகி ‘மு’ ஆனால் மூட்டை முட்டையாகிவிடும். ஆங்கிலப் புதிருக்கு இந்த வசதி இல்லை. மாறாக, அங்கே எளிதான எழுத்துக் கலைப்பு இங்கே கடினம். மெய்யும் உயிரும் ஒன்றி ஒரே கட்டத்தில் அமர்ந்துவிடுவதால் மாற்றி அடுக்கக் கிடைப்பவை சிலவே.

‘நாமருந்துவதனுள் பிணி தீர்ப்பது ஒளிந்திருக்கிறது (4)’. இங்கே எதையும் கட்ட வேண்டியதில்லை. முதற்சொல்லை விரலால் தடவிப் பார்த்தால் போதும். ‘நா’வை விட்டு அடுத்த நான்கு எழுத்துகளைப் படிக்க, மருந்து. சொல்லுக்குள் சொல்லை ஒளிப்பது தமிழர்க்குப் புதிதன்று. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல், ஒரு பாட்டுக்குள் வேறொரு பாட்டைக் கரந்து வைப்பதையும், ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிப் புதுப்புதுப் பொருள் காண்பதையும் அணிகளாகவே வகுத்துள்ளது. பின்னதற்கு அக்கரச் சுதகம் என்று பெயர். ஆங்கிலேயரின் விளையாட்டு என்று தயங்குவோர் நம் பாட்டனார் வீட்டுப் பரணில் இருந்ததையே எடுத்து ஆடுகிறோம் என்று கொள்ளலாம்.

இனிச் சற்றுக் கடினமானது. ‘செல்வத்துக்குள் அம்மன் நடுவே அமர்ந்தால் கவலையற்ற நிலை (4)’.

சேலத்தார்க்குக் கோட்டை மாரியம்மன் நினைவு வருவது இயல்பு. புதிர் அமைப்பவர் விரும்புவதும் அதுவே. இறுதியில் உள்ள ‘கவலையற்ற நிலை’ நேர்ப்பொருள் என்று கொண்டால், ‘அமைதி’ என்று எழுதத் தோன்றும். மூன்றெழுத்து, பொருந்தாது. ‘ஆறுதல்’ நான்கெழுத்து, கட்டத்தில் அழகாகப் பொருந்தும். ஆனால் குறிப்பின் மறுபாதியோடு அது ஒட்டவில்லை. ஆறுதலில் செல்வமும் இல்லை, அம்மனும் இல்லை. ஆகவே எழுதியதை அழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். செல்வம் என்பதற்கு நிதி. ‘அம்மன்’ என்ற சொல்லின் நடுவெழுத்துகள் ‘ம்ம’. நிதியின் இரண்டெழுத்துகளுக்கு இடையே அவற்றை அமர்த்துக: நிம்மதி.

விடை சரிதானா என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. பரிசோதனை முடிவுக்காக மாலைவரை காத்திருப்போர்க்கு இதன் அருமை தெரியும். அன்றைய நாளில் கையோடு உறுதியாகும் விடை இது ஒன்றாக இருக்கக்கூடும்.

இப்புதிர்கள் மறதி நோயைத் தடுக்கும் என்றோ உடலைக் குணப்படுத்தும் என்றோ நாங்கள் வாக்களிக்க மாட்டோம். பொழுது கனக்காமல் நகரும், அவ்வளவே. நோயாளியின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தால் உடனிருப்பவர் குறிப்பை உரக்கப் படித்துக் கட்டத்தை நிரப்பலாம். மயக்க மருந்தின் கலக்கம் தெளியாதவரையும் வலியில் இருப்பவரையும் வற்புறுத்தலாகாது. பக்கவாதத்தால் பேச்சுத் தடுமாறுவோர்க்குப் பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டபின் கொடுப்பதே நன்று. வராத சொல்லைத் துரத்துவது அவர்களுக்கு விளையாட்டாக இராது.

மருத்துவமனையில் இருக்கும் நமக்கு நெருக்கமான நிகழ்ச்சி ஒன்றும் இப்புதிர் வரலாற்றில் உண்டு. ஜான் கிரகாம் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் ‘அராக்காரியா’ என்ற புனைபெயரில் ‘கார்டியன்’ நாளிதழுக்குப் பல்லாண்டுகள் புதிர் அமைத்தார். 2013 ஜனவரியில் அவருடைய புதிர் ஒன்றின் தலைப்பில், தமக்கு இன்ன எண்ணின் விடை இன்ன எண்ணின் இடத்தில் இருப்பதாகவும், வேறு இரு எண்களின் விடையால் அதற்குச் சிகிச்சை நடப்பதாகவும் எழுதியிருந்தார். கட்டத்தை நிரப்பியவர்கள் கண்டது: உணவுக்குழாயில் புற்றுநோய், நோய்த்தணிப்புச் சிகிச்சை. செவிலியரும் உள்நோக்குப் பரிசோதனையும்கூட அக்கட்டத்தில் விடைகளாக இருந்தனர். அதே ஆண்டு நவம்பரில், 92-ஆம் வயதில் அவர் காலமானார்.

நம் வட்டாரத்தில் நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்கும் குடும்பங்கள் பல. நோயாளியோ அதை அறிந்துகொண்டு, அறியாதவர்போல் இருப்பார். இரு தரப்பும் அன்பினால் காக்கும் மௌனம் அது. ஆயினும் இருவரையும் தனித்தனியே வாட்டுகிறது. கிரகாம் பெயரைச் சொன்னார். தமக்கு வாய்த்த வழியில், கேட்பவர் ஒவ்வோர் எழுத்தாகத் தாமே வந்தடையும்படி சொன்னார். நேரே சொல்ல நா எழாதவர்கள் வார்டு மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூறினால், குடும்பத்தோடு சேர்ந்தமர்ந்து பேச அவர்கள் உதவுவர்.

அடுத்த இதழ் வரும்வரை இதை வைத்துக்கொள்ளுங்கள்: ‘சோலையைப் பரப்பு, மேட்டூரில் தேங்குவாள் (3)’. மோகனூர்க்காரர்களும் பரமத்திவேலூர்க்காரர்களும் பக்கத்துக் கட்டிலாருக்கு உடனே சொல்லிவிட வேண்டா.