பட்டியலில் இல்லாதவர்களை எண்ணுவது எப்படி?

இறுதி யுத்தத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறார்கள். எல்லாப் பெயர்களும் பதியப்படாத இடத்தில் மொத்தத்தைக் கணிக்க, நோய்ப்பரவலியலாளர்களிடம் ஒரு வழி இருக்கிறது.

ஓர் ஊரில் கிராம சேவையாளரிடம் 100 பெயர்களும் தேவாலயத்தில் 80 பெயர்களும் உள்ளன, 40 பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தேவாலயத்தின் 80 பேரில் பாதிப்பேரே கிராம சேவையாளரிடம் பதிவாகியுள்ளனர். அப்படியானால் அவருடைய 100 என்பதும் மொத்தத்தில் பாதிதான். மொத்தம் 200. இரு பட்டியல்களையும் சேர்த்தாலும் 140 பெயர்களே வரும். 60 பேர் எதிலும் இல்லை.

கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் விடுபட்ட பிறப்பு, இறப்புப் பதிவுகளை இப்படித்தான் சந்திரசேகரும் டெமிங்கும் கணித்து 1949இல் எழுதினார்கள். பெருவின் உண்மை ஆணைக்குழு 2003இல் 69,280 பேர் என்ற கணிப்புக்கு வந்ததும் இம்முறையின் விரிவால்தான். 2009 மே 17 முதல் 19 வரை சரணடைந்து காணாமற்போனோர் சுமார் 500 பேர் என 2018இல் வெளியான ஆய்வும் இதே வகையானது.

ஆனால் பட்டியல்கள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். ஒரே குடும்பங்களே இரண்டு இடத்திலும் பெயர் கொடுத்திருந்தால் கணிப்பு குறைந்துவிடும். சொல்ல ஒருவரும் மிஞ்சாத வீடுகள் எதிலும் வராது. நம்மிடம் அவைதானே அதிகம்.

இன்னொரு சிக்கல், பெயர். ஒரே ஊரில் எத்தனை சிவகுமார்! எழுதி வைத்திருப்பவர்கள் தகப்பன் பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், திகதி எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.