ஆம்பளைக்குக் "கர்ப்பம்" காட்டும் பரிசோதனை!

கர்ப்பமா என்று பார்க்கும் பரிசோதனையை ஓர் ஆணுக்குச் செய்தால் என்ன வரும்? "இல்லை" என்றுதான் வரும். "உண்டு" என்று வந்தால் சிரிக்காதீர்கள். அந்த ஆளை உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். விரையில் புற்றுநோய் இருக்கலாம்!

கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடியில் சுரக்கும் "எச்.சி.ஜி." என்ற ஹார்மோனைத்தான் அந்தப் பரிசோதனை காட்டுகிறது. விரையில் வரும் சில கட்டிகளும் இதைச் சுரக்கின்றன. அவற்றில் படு மோசமானது "கோரியோகார்சினோமா". அபூர்வமானது. கட்டி சிறிதாக இருக்கும்போதே ரத்தத்தில் கலந்து நுரையீரல், மூளை என்று ஓடிவிடும்.

சைக்கிள் வீரர்

அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு வந்த கட்டியில் இந்த ரகமும் கலந்திருந்தது. 1996-ம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது 25. விரை வீங்கியதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருமியபோது ரத்தம் வந்தது. பிறகுதான் டாக்டரிடம் போனார். அதற்குள் நுரையீரல், மூளை இரண்டுக்கும் பரவிவிட்டது!

விரையை எடுத்தார்கள். இண்டியானா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் மூளை ஆபரேஷனும் மருந்து சிகிச்சையும் நடந்தன. வழக்கமாகக் கொடுக்கும் "பிளியோமைசின்" மருந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. ஆளோ மூச்சைப் பிடித்து சைக்கிள் ஓட்டிப் பிழைப்பவர்! அதனால் அதை நிறுத்தி, வேறு மருந்து மாற்றினார்கள்.

பிழைத்தார். 1999 முதல் 2005 வரை 7 தடவை பிரான்ஸ் பந்தயத்தில் ஜெயித்தார். ஊக்க மருந்து விவகாரத்தில் 2012-ல் அந்தப் பட்டங்கள் பறிபோனது தனிக்கதை. நோயை ஜெயித்தது மட்டும் பொய்யல்ல.

காப்பாற்றிய முக்கிய மருந்து "சிஸ்பிளாட்டின்". பிளாட்டினத்தில் இருந்து செய்வது. இதே இண்டியானாவில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1974-ல் இதை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். அதற்கு முன்பு, பரவிய நோய் என்றால் 10 பேரில் ஒருவர் பிழைப்பதே கஷ்டம். இப்போது பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

மீசை முளைத்த சிறுவன்

இன்னொரு ரகம் "லேடிக் செல்" கட்டி. விரைக் கட்டிகளில் 100-க்கு 1 முதல் 3 வரைதான். சின்னப் பையனுக்கு வந்தால் 6, 7 வயதிலேயே மீசை அரும்பும், குரல் உடையும். "பையன் மளமளன்னு வளர்றான்" என்று வீட்டில் பூரித்துப் போவார்கள்! பெரியவர்களுக்கு வந்தால் பெண் ஹார்மோன் மிஞ்சி மார்பு வீங்கும்.

பையன்களுக்கு இது புற்றுநோயாக மாறுவதில்லை. பெரியவர்களில் 10-ல் ஒன்று மாறும். அந்த ஒன்று பொல்லாதது. மருந்து, கதிர்வீச்சு எதற்கும் சரியாக மசியாது. கத்திதான் கதி.

மார்பு வீங்கியவர்கள் எல்லோரும் பதற வேண்டாம். வயசுப் பையன்களுக்கு வீங்கித் தானே வற்றுவது சகஜம். சில மாத்திரைகளாலும் வரும். ஆனால் விரையைத் தொட்டுப் பார்க்காமல் டாக்டர் மருந்துச் சீட்டு எழுதினால், "இதையும் பாருங்க சார்" என்று கூச்சப்படாமல் சொல்லணும்.

பெரும்பாலும் வலி இருக்காது. கெட்டியாகத் தட்டுப்படும். ஸ்கேனில் தெரிந்துவிடும். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதில்லை. நோய் பரவ வழியாகிவிடும். தொடை இடுக்குக்கு மேலே கீறி விரையையே எடுத்துவிடுவார்கள். பிறகு ரத்தத்தில் எச்.சி.ஜி. ஒன்றரை நாளுக்கு ஒரு தரம் பாதியாகக் குறையணும். குறையாவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஒண்ணு போயிட்டா வாரிசு?" என்று கேட்பார்கள். மற்றது நன்றாக இருந்தால் போதும். மருந்து ஏற்றுவதற்கு முன்பே விந்தைச் சேமித்தும் வைக்கலாம். ஆம்ஸ்ட்ராங் அப்படித்தான் செய்தார். 1999-ல் அவருக்கு மகன் பிறந்தான்.