ஸ்டீராய்டு இயக்குநீர்களும் சிறுநீரகத்தின் அமில வெளியேற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

அட்ரினல் சுரப்பியின் புறணியில் உருவாகும் ஆல்டோஸ்டிரோன், கார்டிசால் ஆகிய ஸ்டீராய்டு இயக்குநீர்கள் சிறுநீரகத்தின் அமில வெளியேற்றத்தை நெறிப்படுத்துகின்றன. ஆல்டோஸ்டிரோன் குன்றியவர்களின் சிறுநீர் அமிலத்தன்மையுடன் இருந்தும், அவர்களது குருதியில் அமிலம் மிகுவது ஏன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: ஆல்டோஸ்டிரோன், கார்டிசால், அம்மோனியம், பொட்டாசியம், அமிலமிகை

முன்னுரை

கலப்பு உணவு உண்ணும் ஒருவரின் உடலில், எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் ஆவியாகா அமிலம் உருவாகிறது. நுரையீரலால் வெளியேற்ற இயலாத இவ்வமிலத்தைச் சிறுநீரகமே அகற்றுகிறது. ஆனால், சிறுநீரின் பி.எச். மதிப்பு 4.5 வரை இறங்கினாலும், ஒரு லிட்டரில் தனித்த நிலையிலுள்ள ஹைட்ரஜன் அயனி ஏறத்தாழ 0.03 மில்லிமோல் மட்டுமே. எஞ்சியவை பாஸ்பேட்டுடனும் அம்மோனியாவுடனும் இணைந்தே வெளியேறுகின்றன. எனவே, அமிலத்தைச் சுரப்பதோடு அதனை ஏற்கும் பொருள்களை வழங்குவதும் சிறுநீரகத்தின் பணியாகிறது.

ஆல்டோஸ்டிரோனின் நேரடிச் செயல்

1953-இல் பிரித்தெடுக்கப்பட்ட ஆல்டோஸ்டிரோன், சேகரிப்பு நாளத்தில் இருவழிகளில் செயற்படுகிறது. முதலாவதாக, முதன்மை உயிரணுக்கள் சோடியத்தை உள்ளீர்க்கத் தூண்டுகிறது. இதனால் நாளத்தின் உட்பகுதி எதிர்மின் தன்மை பெற்று, நேர்மின் கொண்ட ஹைட்ரஜன் அயனியின் சுரப்பு எளிதாகிறது. இரண்டாவதாக, இடைச்செருகு உயிரணுக்களிலுள்ள புரோட்டான் எக்கியை நேரடியாக ஊக்குவிக்கிறது.

பொட்டாசியம் வழியான செயல்

ஆல்டோஸ்டிரோன் குறையும்போது பொட்டாசியம் வெளியேறாமல் குருதியில் தேங்குகிறது. மிகுந்த பொட்டாசியம், அண்மை நுண்குழலில் குளுட்டமினிலிருந்து அம்மோனியா உருவாவதைத் தடுக்கிறது. ஏற்கும் பொருள் குறைவதால், சிறிதளவே சுரந்த ஹைட்ரஜன் அயனியும் சிறுநீரின் பி.எச். மதிப்பை 5.5-க்குக் கீழ் இறக்கிவிடுகிறது. சிறுநீர் அமிலத்தன்மையுடன் தோன்றினும், வெளியேறிய அமிலத்தின் மொத்த அளவு குறைவே. இதுவே நான்காம் வகைச் சிறுநீரக நுண்குழல் அமிலமிகை எனப்படுகிறது. சிறுநீரகப் பாதிப்புற்ற நீரிழிவு நோயாளர்களிடம் இந்நிலை பெரிதும் காணப்படுகிறது.

1955-இல் ஜெரோம் கான் விவரித்த ஆல்டோஸ்டிரோன் மிகை நோயில் இதற்கு நேர்மாறான நிலை ஏற்படுகிறது. பொட்டாசியம் இழப்பால் அம்மோனியா உற்பத்தி பெருகி, குருதியில் காரத்தன்மை மிகுகிறது.

கார்டிசாலின் பங்கு

கார்டிசால் பெரிதும் அண்மை நுண்குழலில் செயற்படுகிறது. அங்கு சோடியம்-ஹைட்ரஜன் பரிமாற்றத்தையும் அம்மோனியா உற்பத்தியையும் அது உயர்த்துகிறது. பாஸ்பேட் மீளுறிஞ்சலைக் குறைத்து, அமிலத்தை ஏற்கும் பாஸ்பேட் சிறுநீரில் மிகச் செய்கிறது.

ஆல்டோஸ்டிரோனுக்குரிய ஏற்பியுடன் இணையும் ஆற்றல் கார்டிசாலுக்கும் உண்டு. சேகரிப்பு நாளத்திலுள்ள ஒரு நொதி கார்டிசாலைக் கார்டிசோனாக மாற்றி இதனைத் தடுக்கிறது. சித்த மருத்துவத்தில் வழங்கும் அதிமதுரத்தின் கிளிசிரைசின் உடலில் சிதைந்து தரும் பொருள் அந்நொதியை முடக்குகிறது. ஆதலின், அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் பொட்டாசியக் குறைவும் குருதியில் காரமிகையும் தோன்றக்கூடும்.

முடிவுரை

சிறுநீரின் அமிலத்தன்மையும் வெளியேறும் அமிலத்தின் அளவும் ஒன்றல்ல. பி.எச். மதிப்பை மட்டும் நோக்கி, சிறுநீரகம் தன் கடனைச் செவ்வனே ஆற்றுகிறது எனக் கருதுவது பிழையாகும். அம்மோனியத்தின் அளவையும் அறிதல் வேண்டும். நான்காம் வகை அமிலமிகையில் பொட்டாசியத்தைக் குறைப்பதனாலேயே அம்மோனியா உற்பத்தி மீண்டு, அமிலமிகை பெரும்பாலும் தணிகிறது. ஆல்டோஸ்டிரோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்வோரிடம் பொட்டாசியத்துடன் பைகார்பனேட் அளவையும் கண்காணிக்க வேண்டிய காரணமும் இதனால் தெளிவாகிறது.