மணலும் பீடியும்

சாரல் காலத்தில் ஆரியங்காவு, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து வந்து குற்றாலத்தில் நீராடிச் செல்லும் கொல்லத்து ஜனங்களில் சிலரேனும், விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் விசித்திரமான ஒரு மண்ணில் வாழ்பவர்களாக இருக்கக்கூடும். கொல்லத்துக்கு வடக்கே, கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் கலந்திருக்கிறது. அதிலுள்ள தோரியத்தினால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடப் பன்மடங்கு அதிகம். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்தவர்களிடையே புற்றுநோய் பெருகியதைக் கண்ட உலகம், இம்மணல்மீதே தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்போரின் கதி யாதாகுமோ என்று கவலையுற்றது இயல்பே.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் 1990இல் அங்கே நோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, வீடுவீடாகச் சென்று கதிர்வீச்சை அளந்து, குடியிருப்போரின் தொழில், உணவு, புகைப்பழக்கம் முதலியவற்றையும் குறித்துக்கொண்டு, ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தனர். 2005 இறுதிவரை அவர்களிடம் கண்ட 1,379 புற்றுநோய்களைப் பகுத்துப் பார்த்தபோது, கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் நோயும் மிகுந்திருக்கிறது என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை என 2009இல் அறிவித்தார்கள்.

ஆயினும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய தேசங்களின் அணுத்துறைத் தொழிலாளர் மூன்று லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், சிறுகச் சிறுகச் சேரும் கதிர்வீச்சும் அபாயத்தைக் கூட்டுகிறது என்றே 2015இலும் 2023இலும் கூறினர். மெதுவாக நேரும் சேதத்தை உடல் தானே செப்பனிட்டுக்கொள்கிறதா, அன்றிச் சிறியதோர் அபாயம் 70,000 பேரின் கணக்கில் புலப்படாமல் போயிற்றா என்பது இன்றும் தீராத வினா.

அதே கருநாகப்பள்ளி ஆண்களில் பீடி பிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருவதோ, சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

அந்தப் பீடி நம் வினாவை மலைக்கு இப்பால் கொண்டுவந்து விடுகிறது. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் வட்டாரங்களில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, புகையிலைத் தூளை இலையில் இட்டுச் சுருட்டி நூல் கட்டும் பெண்கள் பீடியை வாயில் வைப்பவர்களல்லர். எனினும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிகோடின் உடலுக்குள் செல்வதை, பீடி சுற்றுவோரின் சிறுநீரைச் சோதித்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது பல்லாண்டுகளில் புற்றுநோயாகப் பரிணமிக்கிறதா என்பதை நிர்ணயிப்பது எளிதன்று; விறகடுப்பின் புகை, கணவன் விடும் புகை, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை, வறுமை ஆகிய அனைத்தும் ஒரே வீட்டில் கலந்திருக்க, அவற்றுள் தூளின் பங்கைத் தனியே பிரித்தெடுக்க வேண்டுமாயின், கருநாகப்பள்ளியில் செய்ததைப் போன்ற பொறுமையான கணக்கு வேண்டும்.

அதற்கான சாதனங்கள் நம்மிடம் இல்லாமலில்லை. 1976ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டத்தை ஒட்டிப் பீடித் தொழிலாளருக்கு அடையாள அட்டை வழங்கப்படுகிறது. அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பொறுப்பில் மாநிலம் முழுமைக்குமான நோய்ப் பதிவும் 2012 முதல் நடந்துவருகிறது. அந்தரங்கம் கெடாதவாறு இவ்விரண்டு ஏடுகளையும் இணைத்துப் பார்க்க அரசு முன்வருமாயின், மணலைப் போலத் தூளைக் குறித்தும் ஒரு விடையை நெருங்கலாம். அதை அறிந்துகொள்ளும் உரிமை, அத்தூளை அன்றாடம் அள்ளும் பெண்களுக்கே முதலில் உண்டு.